சாம்பல் குட்டைக்குக் கொடுத்த அவகாசம்

ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இன்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசிலிருந்து போன் வந்துவிடும். பழைய கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது, இந்த ஓடை எங்கே போய்ச் சேருகிறது, அந்தச் சாயப்பட்டறைக்கு முதலில் அனுமதி கொடுத்தது யார் என்று ஏதாவது கேட்பார்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வேன். போன மாதம் கூப்பிட்டவள் கீர்த்தனா. நான் பார்த்த உதவிப் பொறியாளர் வேலையை இப்போது பார்க்கிற பெண். அனல் மின் நிலையங்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்குக் கொடுத்திருந்த கெடுவை மேலிடத்தில் மறுபடியும் தள்ளிவைத்திருக்கிறார்களாம். சத்தியமங்கலத்துக்குக் கீழே இருக்கும் தனியார் மின் நிலையமும் கால நீட்டிப்பு கேட்டிருக்கிறதாம். அதற்குக் குறிப்பு எழுத வேண்டும்.

"பழைய நோட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க மேடம். உங்க நோட்டத்தான் எல்லாரும் மாடலா வெச்சிருக்காங்க. தேதிய மட்டும் மாத்தி அனுப்பிரலாம்ங்களா?" என்றாள்.

படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். ஐந்தாவது பத்தி வந்தபோது தைல பாட்டிலை மூடிக் கீழே வைத்தேன். "மேற்படி நிலையம் தொடர்பாகப் பொதுமக்களிடமிருந்து புகார் ஏதும் பெறப்படவில்லை. எனவே கோரப்பட்டுள்ள கால நீட்டிப்பைப் பரிசீலிக்கலாம்." கீழே என் பெயர். நான் எழுதிய வாக்கியம்தான். நான் மாற்றல் ஆன பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் யார் யாரோ அதை அப்படியே எடுத்துப் போட்டு, வருடா வருடம் மின் நிலையத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் பொறு, பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வாக்கியம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நான் சூலூர்க்காரி. வேலையில் சேர்ந்த புதிதில் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கத்தான் பழகினேன். கேனை அந்தத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலச வேண்டும், விளிம்பு வரை நிரப்ப வேண்டும், உலோகம் பார்க்க எடுக்கிற சின்ன பாட்டிலில் நான்கு சொட்டு அமிலம் விட வேண்டும். லேபிள் ஒட்டி, சணல் கட்டி, அரக்கு வைத்து, ஆலைக்காரரின் கையெழுத்தை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு ஜீப்பில் ஏற வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கோர்ட்டில் மாதிரி நிற்காது என்பார்கள். முப்பத்தோரு வருடத்தில் நான் எடுத்த ஒரு மாதிரியும் கோர்ட்டுக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் ஆறு வருடம் ஈரோட்டில் போட்டார்கள். இருகூரில் பாசஞ்சர் வண்டி ஏறிப் போய் வருவேன். அங்கேதான் வரதராஜன் சார் எனக்கு மேலதிகாரி. அவ்வளவு மரியாதையான மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். காலையில் வந்ததும் மஞ்சள் துணியால் தன் மேசையைத் தானே துடைப்பார். பாதி பிளேடை வைத்துப் பென்சிலைச் சீவி, சீவலைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போடுவார். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். பிடிக்காத வரி இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். ஒரு கோடு என்றால் இன்னொரு தடவை யோசி. இரண்டு கோடு என்றால் எடுத்துவிடு. நாங்கள் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தால், ரப்பரால் தன் கோட்டை அழித்து, தூளை இடது கையால் தட்டிவிட்டு, பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். கோப்பில் அவர் சொன்னது என்று எதுவுமே இருக்காது. எங்களிடம் யாரும் இப்படிச் செய் என்று விளக்கியதில்லை. சேர்ந்த ஒரு மாதத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அப்போது மின்வெட்டுக் காலம். கொங்கு நாட்டில் அந்த வருடங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சூலூரில் என் தம்பிக்கு எட்டுத் தறி ஓடியது. ஓடியது என்பதைவிட நின்றது என்பதே சரி. எந்த நேரத்தில் கரண்ட் வரும் என்று தறிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்திருப்பான். அப்படிப்பட்ட நாளில் ஒரு மின் நிலையத்தைப் பார்த்து உன் தண்ணீர் சரியில்லை, நிறுத்து என்று யார் சொல்வது? எனக்கே மனசு வராது. நானும் கரண்டுக்காகக் காத்திருந்தவள்தான்.

சத்தியமங்கலத்து நிலையம் நிலக்கரியில் ஓடுவது. எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகப் பெரிய குட்டைக்கு அனுப்புவார்கள். சாம்பல் அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப நிலையத்துக்கே கொண்டுபோக வேண்டும். குட்டையிலிருந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அடியில் கெட்டியான விரிப்புப் போட வேண்டும். இது இரண்டுக்கும் மார்ச் கடைசி வரை கெடு கொடுத்து உத்தரவு போயிருந்தது. உத்தரவைத் தயார் செய்ததும் நான்தான்.

குட்டைக்குக் கிழக்கே சென்னியப்பன் தோட்டம். இரண்டு ஏக்கர், முழுக்க மல்லி. புருசனும் பெண்டாட்டியும் இருட்டோடு மொட்டுப் பறித்து, விடியும்போது சத்தி மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அவர் ஆபீசுக்கு முதலில் வந்தபோது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும், ஒரு பொட்டலத்தில் மொட்டும் கொண்டுவந்தார். மொட்டு மிளகு அளவுகூட இல்லை. இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. மாடு இந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றார். எழுத்தில் புகார் கொடுத்தால்தான் தனியார் கிணற்றில் மாதிரி எடுக்க முடியும் என்று சொல்லி, நானே காகிதம் கொடுத்து எழுத வைத்தேன்.

அடுத்த வாரம் போனேன். நம் பக்கத்தில் வாசலேறி வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதுதானே வழக்கம். அவர் மனைவி சொம்பைக் கொண்டுவந்து நீட்டியபோது, சென்னியப்பன் பதறிப்போய், "கெணத்துத் தண்ணி இல்லீங்க, கடையில வாங்கின கேன் தண்ணிதானுங்க, பயப்படாமக் குடிங்க" என்றார். தன் தோட்டத்துத் தண்ணீரை வந்தவளுக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் முழுச் சொம்பையும் குடித்தேன். அதுவரை மேடமாக இருந்த என்னை அதற்குப் பிறகு அம்மணி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

மூன்று தடவை அலசி, மாதிரி எடுத்து, அரக்கு வைத்தேன். ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. குட்டையில் இருந்த உப்பெல்லாம் கிணற்றிலும் இருந்தது. அந்த முடிவைப் புகார்க் கோப்பில் சேர்த்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் புகாருக்குத் தனிக் கோப்பு, தனி எண், தனி அலமாரி. ஆலையின் அனுமதி, அவகாசம் எல்லாம் வேறு கோப்பு, வேறு அலமாரி. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. சேர்க்கக் கூடாது என்றும் கிடையாது.

சென்னியப்பனுக்கு ஒரு பதில் கடிதம் அனுப்பினேன். தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது, மேற்படி நிலையம் மார்ச் மாத இறுதிக்குள் பணிகளை முடிக்க உத்தரவிடப்பட்டுள்ளது என்று. கடிதம் கிடைத்ததும் அவர் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார். புரட்டாசி மழை தொடங்கியிருந்த சமயம். கரிந்த செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடலாமா, அல்லது நிலத்தை ஒத்திக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாமா என்று அவர்களுக்குள் பேச்சு ஓடியிருக்கிறது. மனைவி திருப்பூர் போகலாம் என்கிறாளாம். இவருக்கு மனசில்லை. தை வரைக்கும் மழைத் தண்ணீரில் கன்று பிழைத்துக்கொள்ளும், மாசி பங்குனிக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிவிடலாம், சித்திரை வெயிலுக்குக் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் முடியாது. அப்படி விரல் விட்டுக் கணக்குச் சொல்லிவிட்டு, "மார்ச்சு கடைசிக்குள்ள முடிஞ்சிருமுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

உத்தரவு என் மேசையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். "முடிஞ்சிரும்ங்கண்ணா. ஆர்டர் போட்டிருக்கு. தைரியமா நடுங்க" என்றேன்.

எனக்கு என்ன தெரியும் என்று அப்படிச் சொன்னேன்? எத்தனை ஆலைகளுக்கு எத்தனை கெடு தள்ளிப்போனதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மனுசன் எதிரில் நின்று கேட்கும்போது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாய் முந்திக்கொண்டது. கையில் தேதி இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மாசி மாதம் மின் நிலையத்திலிருந்து விண்ணப்பம் வந்தது. இயந்திரம் வருவதில் தாமதம், ஒப்பந்ததாரரை மாற்ற வேண்டியதாயிற்று, எதிர்பாராத மழை. இன்னும் ஒரு வருடம் வேண்டும். நேரில் பார்க்கப் போனேன். விரிப்புச் சுருள்கள் உறை பிரிக்காமல் குட்டைக் கரையில் கிடந்தன. அதன்மேல் நாலு வெள்ளாடு படுத்திருந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டிருந்தார்கள், அதிலும் கம்பி துருப்பிடித்திருந்தது. திரும்பும் வழியில் கிழக்கே பார்த்தேன். சென்னியப்பன் தோட்டத்தில் புதுக் கன்றுகள் வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் தென்னை மட்டையால் நிழல் கட்டியிருந்தார். ஜீப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு முகமில்லை.

குறிப்பு எழுதினேன். பார்த்ததை எல்லாம் எழுதினேன். ஐந்தாவது பத்தியில், குட்டைக்கு அருகிலுள்ள விவசாயி ஒருவர் புகார் கொடுத்திருப்பதையும், கிணற்று நீரின் ஆய்வு முடிவையும், புகார்க் கோப்பின் எண்ணையும் எழுதினேன். மாலையில் கோப்பு திரும்பி வந்தது. ஐந்தாவது பத்திக்குப் பக்கத்தில் இரண்டு கோடு.

எடுக்காமல் மறுநாள் அப்படியே உள்ளே அனுப்பினேன். எனக்கும் கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு. மறுபடி வந்தது, அதே இரண்டு கோடு, இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக. நேரில் போய் நின்றேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உட்காரச் சொன்னார். தானும் ஒரு காலத்தில் ஓர் ஆலையைப் பற்றி இப்படி எழுதியவன்தான் என்றார். எழுதின மூன்றாம் வாரம் ராமநாதபுரத்துக்கு மாற்றினார்களாம். அவர் மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த வருடம். அந்த ஆலை அன்றைக்கும் நிற்கவில்லை, அவர் இல்லாத நாளிலும் நிற்கவில்லை.

"நம்ம நோட்டு அவங்க மிஷினை நிறுத்தாதுங்க மேடம். நம்மளத்தான் ஊரு மாத்தும்" என்றார். பிறகு, "இந்தக் கோப்புல புகார் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

புகார் வேறு அலமாரியில் இருந்தது. இந்தக் கோப்பில் இல்லைதான். இல்லீங்க சார் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

என் மகன் அப்போது பத்தாவது. என் மாமியார் படுத்த படுக்கை. தம்பி கடனில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். காரணம் தேடினால் கைநிறையக் கிடைக்கும். என் இடத்துக்குப் போய் ஐந்தாவது பத்தியை எடுத்தேன். எடுத்த இடம் வெறுமையாக இருந்ததால், வழக்கமாக மற்றக் குறிப்புகளில் போடுகிற வாக்கியத்தைப் போட்டேன். புகார் ஏதும் பெறப்படவில்லை. சார் எடுக்கத்தான் சொன்னார், அந்த வாக்கியத்தைப் போடச் சொல்லவில்லை. அது நானாகப் போட்டது. ரப்பர் தூளைத் தட்டிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்புக்கும் கூர் இருக்கத்தானே செய்கிறது.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து சென்னியப்பன் வந்தார். கையில் ஒரு கன்று, வேரோடு. காய்ந்து சுள்ளியாகியிருந்தது. மார்ச் போய்விட்டது, குட்டையில் வேலை ஒன்றும் நடக்கவில்லை, என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றார். ஒரு வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கொடுத்திருக்கிறோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கொங்குக்காரர்களிடம் அந்த ஒன்று கிடைக்காது.

"லாரித் தண்ணி ரண்டு மாசம் ஊத்திப் பாத்தேனுங்க. அப்புறம் முடியலீங்க, கெணத்துத் தண்ணியவே உட்டுப்போட்டேன். எட்டே நாள்ல எல்லாம் போயிருச்சு." கன்றை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க நட்டது."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மேசையில் செம்மண் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. நான் அன்றைக்கு அதைத் துடைக்கவில்லை.

அடுத்த வருடம் நிலையம் மறுபடி விண்ணப்பித்தது. முந்தைய குறிப்பைப் பின்பற்றலாம் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை பென்சில் கோடு வரவில்லை. அதன் பிறகு கோவைக்கு மாற்றல் கிடைத்தது. வரதராஜன் சார் ஓய்வு பெற்று, போன வருடம் காலமானார். துக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் வீட்டு மேசையில் அந்த மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது.

இப்போது கீர்த்தனா கம்ப்யூட்டரில் பார்க்கிற கோப்பில் பென்சில் கோடு கிடையாது. நான் முதலில் எழுதிய ஐந்தாவது பத்தியும் கிடையாது. மிச்சமிருப்பது என் பெயரும் அந்த வாக்கியமும்தான்.

போன் வந்த மூன்றாம் நாள் சத்திக்குப் பஸ் ஏறினேன். போகும் முன் ஆபீசில் பொதுமக்களுக்குக் கொடுக்கிற புகார்ப் படிவம் ஒன்றை வாங்கி, சென்னியப்பன் பெயரில் விவரம் எல்லாம் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். எழுத்தில் புகார் ஒன்று புதிதாக இருந்தால், கீர்த்தனாவால் அந்த வாக்கியத்தைப் போட முடியாது என்பது என் எண்ணம்.

தோட்டத்தில் மல்லி இல்லை. வேலிக் கருவேல் ஏறிக் கிடந்தது. வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார், சாப்பிட வருவார் என்றார். எங்கே வேலை என்று கேட்டேன். மின் நிலையத்தில்தான். நிலையத்தைச் சுற்றி மரம் வளர்க்க வேண்டும் என்று நாங்கள் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. அந்த மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற வேலை.

மத்தியானம் சைக்கிளில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிசம் ஆயிற்று. "அடடா, அம்மணிங்களா" என்று சொல்லி, உள்ளே பார்த்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கேன் தண்ணீர்தான் வந்தது. படிவத்தைக் கொடுத்து விசயத்தைச் சொன்னேன். நிதானமாக, எழுத்துக் கூட்டி வாசித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எம் பேரு வேண்டாமுங்க. இப்ப அவுங்க சோறுதானுங்க."

சரிங்கண்ணா என்றேன். எழுந்திருக்கப் போனவளை, ஒரு நிமிசம் இருங்க என்று நிறுத்திவிட்டு உள்ளே போனார். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பட்டா, நிலவரி கட்டிய கந்தாயச் சீட்டு எல்லாம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். மடிப்பில் கிழிந்து பசை நாடா ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. மேற்படி நிலையம் மார்ச் மாத இறுதிக்குள் பணிகளை முடிக்க உத்தரவிடப்பட்டுள்ளது.

"இது இன்னும் செல்லுமுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

என் வேலைக் காலம் முழுக்க யாரிடமும் நான் இல்லை என்று சொன்னதில்லை. பரிசீலனையில் இருக்கிறது, நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது, வரும் மாதத்துக்குள் முடியும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "செல்லாதுங்கண்ணா" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் காகிதத்தைக் கிழிக்கவில்லை. பழைய மடிப்பிலேயே மடித்துப் பட்டாவோடு வைத்துக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் தபால் ஆபீஸ். அங்கே பசை டப்பா வைத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரையும் சூலூர் விலாசத்தையும் எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. புகார் கொடுப்பவர் எந்த வகையில் சம்பந்தப்பட்டவர் என்று கேட்டது. எத்தனையோ பேரை அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது கஷ்டமாக இருந்தது. "கன்று நடச் சொன்னவள்" என்று எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.